செம்பு வினையூக்கிக்கு நுண்துளைச் சிலிக்கா உறை: நான்கு முறை போர்த்திப் பார்த்த அனுபவம்

கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்து மெத்தனாலாக மாற்றுகிற செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா கலந்த வினையூக்கியின் மேல் நுண்துளைகள் நிறைந்த சிலிக்கா உறையைப் போர்த்தினால் அதன் ஆயுள் கூடுமா என்று பார்ப்பதற்காக ஆய்வகத்தில் செய்த வேலையின் பதிவு இது. நான்காவது முறையில்தான் சொல்லிக்கொள்ளும்படியான தூள் கைக்கு வந்தது. முதல் மூன்று முறையும் உறை நன்றாகவே அமைந்தது. உள்ளே இருந்த செம்புதான் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகக் கெட்டது. துளை எத்தனை நானோமீட்டர், சுவர் எத்தனை நானோமீட்டர் என்று தீர்மானிப்பதுதான் உறை வடிவமைப்பு என்று நினைத்துக்கொண்டு தொடங்கியவன் நான். போர்த்தும் வேளையில் செம்பைத் தொடப்போகிற ஒவ்வொரு திரவத்தையும் அதற்கு முன்பே விசாரித்திருக்க வேண்டும்.

உறை எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்பன் மோனாக்சைடிலிருந்து மெத்தனால் செய்யும்போது நீர் உண்டாவதில்லை; தப்பித்தவறி உண்டாகும் நீரையும் கார்பன் மோனாக்சைடே எடுத்துக்கொண்டு ஹைட்ரஜனாகத் திருப்பித் தந்துவிடும். கார்பன் டை ஆக்சைடிலிருந்து செய்யும்போதோ, ஒரு மூலக்கூறு மெத்தனாலுக்கு ஒரு மூலக்கூறு நீர் தவறாமல் பிறக்கிறது. அதோடு, கார்பன் டை ஆக்சைடு ஹைட்ரஜனுடன் சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகவும் நீராகவும் பிரிந்துபோகும் பக்கவினையும் கூடவே ஓடுவதால், குழாயின் கடைக்கோடியில் இருக்கும் வினையூக்கி ஏறக்குறைய நீராவியிலேயே குளித்துக்கொண்டிருக்கிறது. செம்பின் உருகுநிலை 1,085 டிகிரி செல்சியஸ். ஓர் உலோகத்தின் மேற்பரப்பு அணுக்கள் நகரத் தொடங்கும் வெப்பநிலையை, உருகுநிலையைக் கெல்வினில் எழுதி அதில் சுமார் பத்தில் மூன்று பங்கு என்று தோராயமாக மதிப்பிடுவது வழக்கம். செம்புக்கு அது ஏறத்தாழ 134 டிகிரியில் வந்து நிற்கிறது. நாம் வினையை நடத்துவதோ 220 முதல் 260 டிகிரி வரை. ஆகவே செம்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருப்பது எப்போதும் நடந்துகொண்டிருக்கும் சங்கதி. நீராவி அதை விரைவுபடுத்துகிறது. துகள் பெருத்தால் புறப்பரப்பு குறையும். புறப்பரப்பு குறைந்தால் மெத்தனால் குறையும்.

வெப்பத்தைக் குறைத்து ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். மெத்தனால் உண்டாகும் வினை ஒரு மோலுக்கு ஏறத்தாழ 49 கிலோஜூல் வெப்பத்தை வெளியிடுவது. கார்பன் மோனாக்சைடு உண்டாகும் பக்கவினை 41 கிலோஜூலை உறிஞ்சுவது. எனவே வெப்பம் குறைந்தால் சமநிலை மெத்தனால் பக்கம்தான் சாயும். ஆனால் 200 டிகிரிக்குக் கீழே செம்பு சோம்பிவிடுகிறது. இந்த இழுபறியில்தான், துகள்களைத் தனித்தனி அறைகளில் அடைத்துவைத்து வாயுக்களை மட்டும் உள்ளே விடுகிற ஒரு சுவர் கிடைத்தால் நன்றாக இருக்குமே என்ற எண்ணம் பிறக்கிறது.

உட்கருவைத் தயாரித்த விதம்

செம்பு, துத்தநாகம், அலுமினியம் ஆகியவற்றின் நைட்ரேட்டுகளை 60:30:10 என்ற அணு விகிதத்தில் கலந்து, சோடியம் கார்பனேட் கரைசலுடன் ஒரே சமயத்தில் சொட்டவிட்டு, 65 டிகிரியில், பி.எச். 6.8-க்கு அருகிலேயே நிறுத்தி வீழ்படிவாக்கினேன். சொட்டுவது முடிந்ததும் வேலை முடிந்தது என்று வடிகட்டப் போகக் கூடாது. அந்த வீழ்படிவு முதலில் வெளிறிய வானீல நிறத்தில், கூழைப் போல, படிக அமைப்பு எதுவும் இல்லாமல் இருக்கும். அதே வெப்பத்தில், அதே தாய்த் திரவத்தில் கலக்கிக்கொண்டே விட்டுவைத்தால், அரைமணி நேரம் போல எதுவும் நடக்காதது போலத் தோன்றும், பிறகு பி.எச். மானியில் எண் சட்டென்று இறங்கி மறுபடி ஏறும். அந்தச் சில நிமிடங்களுக்குள் நீலம் போய் மயில்கழுத்துப் பச்சை வந்துவிடும். துத்தநாகம் கலந்த மாலகைட் என்ற பச்சைச் செம்புக் கார்பனேட் படிகமாகும் கணம் அது. செம்பும் துத்தநாகமும் ஒரே படிகத்துக்குள் அணு அளவில் கலந்து உட்காருவது இந்தக் கட்டத்தில்தான் என்பதால், இதைத் தவறவிட்ட தூளுக்கு எவ்வளவு அழகான உறை போட்டாலும் பயனில்லை. நான் ஒருமுறை இடையில் எழுந்துபோய் நிறமாற்றத்தைக் கண்ணால் பார்க்கத் தவறிவிட்டேன். பி.எச். பதிவு இருந்ததால் தப்பித்தேன்.

வடிகட்டிய பிறகு கழுவுவது அலுப்பான வேலை; ஆனால் சோடியம் எஞ்சியிருந்தால் அது பிற்பாடு செம்பு பெருப்பதற்குத் துணைபோகும். கழுவுநீரின் மின்கடத்துதிறன், வாலை நீரின் அளவுக்கு அருகில் வரும்வரை விடாமல் கழுவி, 330 டிகிரியில் காற்றில் சுட்டேன். கறுப்பு ஆக்சைடுத் தூள் கிடைத்தது. நைட்ரஜன் உறிஞ்சல் அளவீட்டில் கிராமுக்கு ஏறத்தாழ 50 சதுர மீட்டர் பரப்பு.

இந்தத் தூளை அப்படியே எடுத்து உறை போட்டால், உறை ஒவ்வொரு துகளையும் போர்த்தாது. துகள்கள் சேர்ந்த கட்டியைப் போர்த்தும். கட்டிக்குள் செம்பு வழக்கம் போலவே ஒட்டிப் பெருக்கும். வீட்டைச் சுற்றி மதில் எழுப்பிவிட்டு அறைகளுக்குக் கதவு போடாமல் விட்ட கதைதான். அதனால் எத்தனால் ஊற்றி, சிறு மணிகள் உருளும் ஆலையில் அரைத்து, துகள்கள் மறுபடி ஒட்டாமலிருக்கப் பாலிவினைல்பைரோலிடோன் சிறிது சேர்த்து, மீயொலித் தொட்டியில் வைத்துப் பிரித்து, ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியில் படிந்ததை ஒதுக்கிவிட்டு மேலே மிதந்ததை மட்டும் எடுத்தேன். அப்படியும் தனித்தனித் துகளாகப் பிரியவில்லை; மூன்று நான்கு துகள் சேர்ந்த கொத்துகளாகத்தான் இருந்தன. அது தேவலை என்று ஏற்றுக்கொண்டேன். செம்புக்குப் பக்கத்தில் துத்தநாக ஆக்சைடு இருந்தால்தான் வினை நடக்கும் என்பதால், இரண்டும் ஒரே அறைக்குள் இருப்பது ஒருவகையில் நல்லதே.

சுவரின் தடிமனில் செய்த கணக்குப் பிழை

உறையின் தடிமன் வாயுக்களை மறிக்குமோ என்ற கவலை எனக்கு ஆரம்பத்தில் பெரிதாக இருந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டதும் அது கரைந்துவிட்டது. 2.5 நானோமீட்டர் விட்டமுள்ள துளையில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதைவிடச் சுவரில் மோதுவதுதான் அதிகம். இதற்கு நுட்சென் பரவல் என்று பெயர். 250 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடுக்கு அதன் பரவல் கெழு நொடிக்கு ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ ஒரு கோடியில் 4 பங்கு. 20 நானோமீட்டர் தடிமனான சுவரை அந்த வேகத்தில் கடப்பதற்கு நொடியில் 100 கோடியில் ஒரு பங்கு நேரம் போதும். துளைகள் வளைந்து நெளிந்து செல்வதற்காகப் பத்து மடங்கு கூட்டிக்கொண்டாலும், செம்பின் மேல் ஓர் இடத்தில் ஒரு மூலக்கூறு மாறி முடிவதற்குப் பல நொடிகள் ஆகிற இந்த வினையில் அது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே உறை போட்ட பிறகு வேகம் குறைந்தால், சுவர் தடிமன் என்று பழிபோட முடியாது: ஒன்று, துளை அடைபட்டிருக்க வேண்டும்; இல்லையேல் செம்பு சேதப்பட்டிருக்க வேண்டும். பிற்பாடு ஒவ்வொரு தோல்வியிலும் எங்கே தேடுவது என்று வழி காட்டியது இந்தச் சின்னக் கணக்குதான்.

தடிமனால் உண்மையில் வரும் செலவு வேறு. கிராமுக்கு 50 சதுர மீட்டர் பரப்புள்ள தூளில் 10 நானோமீட்டர் சுவர் எழுப்ப எவ்வளவு சிலிக்கா வேண்டும்? பரப்பைத் தடிமனால் பெருக்கினேன்: அரை கன சென்டிமீட்டர். பாதி வெற்றிடம், மீதி 2.2 அடர்த்தியுள்ள சிலிக்கா என்றால் 0.55 கிராம், அதற்கு, சிலிக்காவாக மாறும் திரவமான டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட் 2 மில்லிலிட்டர். அந்த அளவையே ஊற்றினேன். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் சுவர் 5 அல்லது 6 நானோமீட்டருக்கு மேல் எங்குமே இல்லை. சிலிகேட் முழுவதும் வினைபுரியவில்லை என்று நினைத்து இரண்டு நாள் வீணாக்கினேன். பிழை கணக்கில் இருந்தது: நான் தூளைத் தட்டையான தரையாக எடுத்துக்கொண்டிருந்தேன். 50 சதுர மீட்டர் பரப்பும் 6 அடர்த்தியும் உள்ள தூள் என்றால் துகளின் விட்டம் ஏறத்தாழ 20 நானோமீட்டர். அதைச் சுற்றி 10 நானோமீட்டர் சுவர் வைத்தால் விட்டம் 40 ஆகிறது. கன அளவு எட்டு மடங்கு. அதாவது சுவர் மட்டுமே உட்கருவைப் போல ஏழு மடங்கு. தட்டைக் கணக்கு மூன்று மடங்குதான் என்று சொல்லியிருந்தது. உருண்டைக் கணக்கின்படி 2 மில்லிலிட்டருக்குக் கிடைக்க வேண்டிய தடிமன் 5.8 நானோமீட்டர், நுண்ணோக்கி சொன்னதும் அதுதான்.

தவறாகப் போட்ட அளவே சரியான அளவாகவும் அமைந்துவிட்டது. நான் நினைத்தபடி 10 நானோமீட்டர் வந்திருந்தால் கிராமுக்கு 1.28 கிராம் சிலிக்கா சேர்ந்து, தூளில் பாதிக்கு மேல் வினை செய்யாத மணலாக இருந்திருக்கும். 6 நானோமீட்டரில் கூட, எடையில் 49 விழுக்காடாக இருந்த செம்பின் பங்கு 32 விழுக்காடாகக் குறைகிறது. இதைவிட மெலிதாக்கவும் மனம் வரவில்லை, 2.5 நானோமீட்டர் துளைக்கு 3 நானோமீட்டர் சுவர் என்றால் அது துளையாக இருக்காது, வெறும் ஓட்டையாகத்தான் இருக்கும்.

முதல் முறை: அம்மோனியா

சிலிக்கா உருண்டைகளை எத்தனாலில் அம்மோனியாவைக் கொண்டு வளர்க்கும் முறை 1968-இல் ஸ்டோபரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்டது. அதனுடன் செட்டைல் டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு என்ற சவர்க்காரப் பொருளைச் சேர்த்தால், அதன் மூலக்கூறுகள் உருளைகளாகத் திரண்டு அச்சாக நிற்க, சிலிக்கா அவற்றைச் சுற்றிப் படிந்து, பிறகு அச்சை அகற்றியதும் 2 முதல் 3 நானோமீட்டர் துளைகள் எஞ்சும். தங்கத்துக்கும் இரும்பு ஆக்சைடுக்கும் இதைப் பலரும் செய்திருக்கிறார்கள் என்பதால், யோசிக்காமல் செம்புக்கும் செய்தேன்.

மறுநாள் காலை மையவிலக்கில் சுழற்றிக் குழாயை வெளியே எடுத்தபோது, அடியில் தூள் இருந்தது. மேலே நின்ற திரவம் சொட்டுநீலம் கலக்கிய தண்ணீரைப் போல இருந்தது. பள்ளி ஆய்வகத்தில் செம்பு உப்பில் அம்மோனியாவை மிகுதியாக ஊற்றிக் காட்டும் அதே நீலம். செம்பு அயனியை நான்கு அம்மோனியா மூலக்கூறுகள் சூழ்ந்துகொண்டு கரைசலுக்குள் இழுத்துப்போயிருந்தன. துத்தநாகமும் அதே வழியில் போகும். ஆனால் அதற்கு நிறம் கிடையாது என்பதால் கண் காட்டிக்கொடுக்காது. பெரிய கட்டிகளாக இருக்கும் செம்பு ஆக்சைடு அம்மோனியாவில் மெல்லத்தான் கரையும். 20 நானோமீட்டர் துகள்களாக அரைத்துக் கொடுத்தவனே நான்தான்.

கரைந்துபோனது பாதிக் கதை. எஞ்சிய தூளைச் சுட்டபோது கறுப்பாக இல்லாமல் பச்சை கலந்த பழுப்பாக இருந்தது. ஹைட்ரஜனில் வெப்பத்தை ஏற்றிக்கொண்டே ஒடுக்கிப் பார்த்தபோது, செம்பு ஆக்சைடுக்குரிய முகட்டுக்குப் பக்கத்தில், அதைவிடச் சூடான இடத்தில் இன்னொரு முகடு எழுந்தது. கரைந்த செம்பு சும்மா இருக்கவில்லை. கரைசலில் இருந்த சிலிகேட்டுடன் சேர்ந்து செம்பு சிலிகேட்டாகச் சுவருக்குள்ளேயே படிந்துவிட்டது. செம்பு சிலிகேட் வினையூக்கியாக வேறு சில வேலைகளுக்குப் பயன்படும் பொருள்தான். ஆனால் இங்கே அது துத்தநாகத்தைப் பிரிந்து போன செம்பு.

இரண்டாவது, மூன்றாவது முறைகள்

அம்மோனியாவுக்குப் பதில் லைசின் என்ற அமினோ அமிலத்தைக் காரமாகப் பயன்படுத்தியும் சிலிக்கா வளர்க்கலாம் என்பதால் அடுத்து அதை எடுத்தேன். அமினோ அமிலங்கள் செம்பை இரண்டு கைகளாலும் பிடிக்கக்கூடியவை என்று நினைவுக்கு வந்தபோது திரவம் ஏற்கெனவே இளநீலமாகியிருந்தது. அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது முறை, செம்பைப் பிடிக்கத் தெரியாத காரம் ஒன்று வேண்டும் என்று தேடி, டெட்ராமெத்தில் அம்மோனியம் ஹைட்ராக்சைடைத் தேர்ந்தேன். அதன் நைட்ரஜனில் நான்கு பக்கமும் மெத்தில் தொகுதிகள் அடைத்துக்கொண்டிருப்பதால் செம்புக்குக் கொடுக்க எலக்ட்ரான் இணை எதுவும் மிச்சமில்லை. சோடியமும் இல்லை, சுட்டால் எரிந்து போய்விடும். இந்தப் பொருள் தோல்வழியாக உடலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இரட்டைக் கையுறையும் முகத்தடுப்பும் இல்லாமல் புட்டியைத் திறக்கவே வேண்டாம். பி.எச்.-ஐ 11-க்குக் கீழேயே வைத்துக்கொண்டேன்; அதற்கு வெகுவாக மேலே போனால் துத்தநாகமும் அலுமினாவும் காரத்தில் கரையத் தொடங்கும்.

மையவிலக்கிலிருந்து வந்த திரவம் தண்ணீரைப் போலத் தெளிவாக இருந்தது. நுண்ணோக்கியில் உறை ஒழுங்காகத் தெரிந்தது. முதல் தொகுதியில் மட்டும் சிலிகேட்டை ஒரே மூச்சில் ஊற்றிவிட்டதால், பாதி சிலிக்கா துகள்மேல் படியாமல் தனியே வெற்று உருண்டைகளாகத் திரண்டிருந்தது. அடுத்த தொகுதியில் இரண்டு மணி நேரத்துக்குச் சொட்டுச் சொட்டாக விட்டதும் அந்தக் குறை போனது. அடுத்ததாக அச்சை அகற்ற வேண்டும். வழக்கமாக 550 டிகிரியில் எரிப்பார்கள். அதைச் செய்தால் போர்த்திப் பாதுகாக்க நினைத்த துகள்கள் அங்கேயே பெருத்துவிடும். அமிலம் கலந்த எத்தனாலில் அலசுவது இன்னொரு வழக்கம். அமிலத்தில் செம்பு ஆக்சைடும் துத்தநாக ஆக்சைடும் கரையும். அம்மோனியம் நைட்ரேட் சிறிதளவு கலந்த எத்தனாலில் 60 டிகிரியில் இரண்டு முறை அலசி, மிச்சத்தை 350 டிகிரியில் காற்றில் எரித்தேன்.

எல்லாம் சரியாக இருந்தும், ஓட்டிப் பார்த்தபோது இரண்டாம் நாளிலிருந்தே மெத்தனால் சரியத் தொடங்கியது. உறை போடாத தூளைவிட மோசம். சுவர் அடைபட்டதா என்று பார்த்தால் நைட்ரஜன் உறிஞ்சல் துளைகள் திறந்தே இருப்பதாகச் சொன்னது. அப்படியானால் குற்றம் செம்பின்மேல்தான். மீந்திருந்த தூளைக் கொஞ்சம் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டேன். சோதனைக்குழாயில் வெளிறிய மஞ்சள் கலங்கல் புகையைப் போல இறங்கியது: சில்வர் புரோமைடு. அச்சாகப் பயன்படுத்திய சவர்க்காரத்தின் புரோமைடு அலசலுக்கும் நெருப்புக்கும் தப்பி உள்ளே தங்கியிருந்தது. குளோரைடும் புரோமைடும் செம்பு வினையூக்கிகளுக்கு விஷம் என்பது புதிய செய்தி அல்ல. செம்பின் ஹாலைடுகள் எளிதில் நகரக்கூடியவை என்பதால், சிறு அளவே இருந்தாலும் துகள்கள் பெருப்பதற்கு வழி திறந்துவிடுகின்றன. எக்ஸ்-கதிர்ப் படத்தில் 43.3 பாகையில் நின்ற செம்பின் கோடு, ஊசி போல ஒல்லியாகியிருந்தது; படிகம் பெருத்துவிட்டது என்று அர்த்தம்.

நான்காவது முறை: ஒரே பொருள், இரண்டு வேலை

காரத்துக்கு ஒரு பொருள், அச்சுக்கு ஒரு பொருள் என்று தனித்தனியே தேடியதுதான் தொல்லையை வளர்த்தது. செட்டைல் டிரைமெத்தில் அம்மோனியம் அயனியுடன் புரோமைடுக்குப் பதில் ஹைட்ராக்சைடு இருந்தால், அந்த ஒரே பொருள் அச்சாகவும் நிற்கும், காரமாகவும் இருக்கும். அம்மோனியா வேண்டாம், சோடியம் வேண்டாம், ஹாலைடு வேண்டாம். கரைசலாக விலைக்குக் கிடைக்கும் பொருள்தான். கைவசம் இல்லாததால் நானே மாற்றிக்கொண்டேன். ஹைட்ராக்சைடு வடிவிலுள்ள எதிரயனிப் பரிமாற்றப் பிசினைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, புரோமைடுக் கரைசலை மேலிருந்து மெல்ல இறக்கினால், பிசின் புரோமைடை வைத்துக்கொண்டு ஹைட்ராக்சைடைக் கொடுக்கும்.

இதில் இரண்டு இடங்களில் இடறினேன். அறை குளிர்ந்திருந்த ஒரு காலையில் குழாய் பாதியிலேயே அடைத்துக்கொண்டது. இந்தச் சவர்க்காரம் 25 டிகிரிக்குக் கீழே படிகமாக வெளியேறும் என்பதை நினைக்கவில்லை. குழாயைச் சுற்றி 40 டிகிரி வெந்நீர் ஓடும் உறை வைத்ததும் சரியாயிற்று. இரண்டாவது, வெளிவந்த கரைசலில் புரோமைடு எஞ்சியிருக்கிறதா என்று பார்க்கச் சில்வர் நைட்ரேட்டை நேராக விட்டபோது அடர் பழுப்பாகத் திரிந்து என்னைப் பயமுறுத்தியது. அது ஹைட்ராக்சைடு செய்த வேலை, சில்வர் ஆக்சைடு. முதலில் நைட்ரிக் அமிலத்தால் காரத்தை முறித்துவிட்டுப் பிறகுதான் சில்வர் நைட்ரேட் விட வேண்டும். அப்படிச் செய்தபோது முதல் ஓட்டத்தில் லேசான கலங்கலும், புதுப் பிசின் வழியாக இரண்டாவது முறை விட்டபோது துல்லியமான தெளிவும் கிடைத்தன. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இந்தக் கரைசல் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அன்றன்றைக்கே அமிலத்தால் தரம்பார்த்துப் பயன்படுத்தினேன்.

மற்றதெல்லாம் முன்போலவே. 1 கிராம் தூள், 200 மில்லிலிட்டர் நீர், 80 மில்லிலிட்டர் எத்தனால், பி.எச். 11-க்குச் சற்றுக் கீழே, சிலிகேட் 2 மில்லிலிட்டர் இரண்டு மணி நேரத்தில். திரவம் தெளிவு, சுட்ட தூள் கறுப்பு, ஒடுக்கத்தில் ஒரே முகடு. தூளை வில்லையாக அழுத்தும்போது மட்டும் கையை அடக்க வேண்டியிருந்தது. வழக்கமான அழுத்தத்தில் அழுத்தி உடைத்துச் சலித்த மாதிரியில் துளைப்பரப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. உறை நசுங்கியிருக்கிறது. அழுத்தத்தைக் கால்வாசியாகக் குறைத்தேன், வில்லை கொஞ்சம் உதிர்ந்தது, பரவாயில்லை.

ஒடுக்குதலின்போது உறைக்குள் நடப்பது ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. செம்பு ஆக்சைடு உலோகமாக மாறும்போது அதன் கன அளவு 100-லிருந்து 56 ஆகச் சுருங்குகிறது. வெளியே சிலிக்கா அசையாமல் நிற்க, உள்ளே செம்பு சுவரைவிட்டு விலகி, காய்ந்த நெற்றுக்குள் விதை குலுங்குவது போலத் தளர்ந்து கிடக்கிறது. சுவர் செம்பின் முகத்தை மூடிவிடுமோ என்ற பயத்துக்கு இயற்கையே பதில் சொல்லிவிட்டது. ஆனால் இந்த ஒடுக்கம் ஒரு மோலுக்குச் சுமார் 86 கிலோஜூல் வெப்பம் உமிழ்வது என்பதால், 5 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனில், நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 250 வரை, அவசரப்படாமல் ஏற்ற வேண்டும்.

குழாயில் ஓட்டியபோது

6 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள எஃகுக் குழாயில் அரை கிராம் தூளைச் சிலிக்கன் கார்பைடுடன் கலந்து அடைத்தேன். 30 பார் அழுத்தம், 240 டிகிரி, ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் 3:1, கணக்குச் சரிபார்க்கக் கொஞ்சம் நைட்ரஜன். தொழிற்சாலைகள் 50 முதல் 100 பார் வரை போகும். என்னிடமிருந்த அழுத்த சீராக்கி அவ்வளவு தாங்காது. முதல் நாள் உள்ளே போன கார்பனில் நூற்றுக்கு ஏழு பங்கு வெளியே வரவில்லை. குழாய் முழுவதும் 150 டிகிரியில் சூடாக்கப்பட்டிருந்தாலும், வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபுக்கு முன்னால் இருந்த ஓர் இணைப்பு மட்டும் சூடாக்கும் நாடாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கழற்றியபோது உள்ளே திரவம் சொட்டியது. காணாமல் போன மெத்தனால் அங்கே குளிர்ந்து தங்கியிருந்தது. நாடாவை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியதும் கணக்கு நேரானது.

100 மணி நேர ஓட்டத்தில், உறையில்லாத தூள் தொடக்க வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்தது. நான்காவது தூள் கிராமுக்குக் கிராம் பார்த்தால் மட்டமாகவே தொடங்கியது; அதில் செம்பே குறைவு. செம்பின் எடைக்குக் கணக்கிட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் தொடங்கின. பரவல் கணக்கு சொன்னதும் அதுதான். முடிவில் உறையிட்டது தன் வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இழந்திருந்தது. கிராம் கணக்கில் இரண்டு கோடுகளும் 100 மணிக்குள் வெட்டிக்கொள்ளவில்லை; ஆனால் வெகுவாக நெருங்கியிருந்தன. எக்ஸ்-கதிர்க் கோட்டின் அகலத்தைக் கொண்டு மதிப்பிட்டால், உறையில்லாத தூளில் செம்புப் படிகம் 9-லிருந்து 17 நானோமீட்டராக வளர்ந்திருந்தது. உறைக்குள் 10-லிருந்து 11.

துளைச்சுவர் நீரை இழுத்துப் பிடிக்காமலிருக்க, அதன் ஹைட்ராக்சில் தொகுதிகளின்மேல் மெத்தில் தொகுதிகளை ஏற்றி நீர்வெறுக்கும் உறையாக மாற்றியும் ஒரு தொகுதி செய்தேன். அச்சைக் காற்றில் எரித்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். முன்பே செய்தால் மெத்திலும் சேர்ந்து எரியும். வேறுபாடு என் அளவீட்டுப் பிழையின் எல்லைக்குள்ளேயே இருந்தது. 250 டிகிரியில் நீர் அத்தனை பிடிவாதமாக ஒட்டிக்கொள்வதில்லை என்பது என் எண்ணம். தாழ்ந்த வெப்பத்தில் ஓட்டுபவர்களுக்கு அது கைகொடுக்கலாம்.

ஓட்டம் முடிந்தபின் படுக்கையை ஒன்றாக அள்ளாமல், வாயு நுழையும் பாதி, வெளியேறும் பாதி என்று இரண்டாகப் பிரித்து எடுத்தேன். அதற்கு முன் 1 விழுக்காடு ஆக்சிஜனை மெல்ல விட்டுத் தூளை ஆற்றுவது கட்டாயம். இல்லாவிட்டால் காற்றுப் பட்டதும் கனல் பிடிக்கும். உறையிட்ட தூளின் இரண்டு பாதிகளிலும் செம்பு ஒரே அளவில்தான் இருந்தது. ஆனால் நீராவி மிகுந்த கடைப் பாதியில் சிலிக்காவின் துளைப்பரப்பு, முன்பாதியைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருந்தது. செம்பு நகரவில்லை; சுவர் நகர்கிறது. சூடான நீராவியில் சிலிக்கா மெல்லக் கரைந்து வேறிடத்தில் படிவது தெரிந்த விஷயம்தான்; 100 மணியில் இவ்வளவு என்றால் 1,000 மணியில் துளைகளே மூடிப்போகலாம். சிலிகேட்டுடன் சிறிதளவு சிர்கோனியம் ஆல்காக்சைடைச் சேர்த்து, சுவரையே நீராவிக்குக் கொஞ்சம் திடமாக்கிப் பார்ப்பதாக இருக்கிறேன். அதற்கான பிசின் இப்போது குழாயில் காரத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது.